அந்த மாதத்தின் நான்காவது பாட்டு

என் மகள் புனேவுக்கு வேலைக்குப் போன புதிதில் எங்கள் இருவருக்கும் பேச எதுவும் இல்லாமல் போய்விட்டது. சண்டை எதுவும் இல்லை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு நான் போன் செய்வேன்.

"சாப்பிட்டியா?"

"ஹவ் மா."

"ஆபீஸ் எப்படி இருந்துச்சு?"

"டீக் தா."

"வேற?"

"வேற குச் நை மா."

ஆமாம், பரவாயில்லை, வேறு ஒன்றுமில்லை. அதோடு முடிந்துவிடும். தெலுங்கும் இந்தியும் கலந்து பேசும் இந்த மல்காஜ்கிரியில் பிறந்து வளர்ந்தவள். நாங்கள் பேசும் தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும், பதில் மட்டும் இந்தியில் வரும், தெலுங்கில் வரும், கோபமாக இருந்தால் ஆங்கிலத்தில் வரும். அவளைக் குறை சொல்ல முடியாது. என் தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்காக ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டுத் தமிழே பாதி இந்த ஊர்ப் பேச்சுதான்.

ஒருநாள் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் போனில் ஒரு மராத்திப் பாட்டை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு குரல், பின்னால் ஏதோ தந்தி வாத்தியம். அது என்ன பாட்டு என்று கேட்டு வாங்கி, மகளுக்கு அனுப்பினேன். வீட்டுக்கு வந்து குக்கர் வைப்பதற்குள் அவளே போன் செய்துவிட்டாள். "மா, யே கஹான் சே மிலா?" எங்கே கிடைத்தது என்று கேட்கிறாள். சொன்னேன். அந்தப் பெண் எப்படி இருந்தாள், ஏன் கேட்கத் தோன்றியது, அவள் சந்தேகமாகப் பார்த்தாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அன்றைக்கு நாங்கள் பேசி முடிக்கையில் சாதம் ஆறியிருந்தது.

எனக்கு ஆசை வந்துவிட்டது. தினமும் மூன்று, நான்கு என்று அனுப்ப ஆரம்பித்தேன். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள், "மா, ரோஜ் ரோஜ் நக்கோ. மாசத்துக்கு ஒரு தடவ அனுப்பு. லிஸ்ட் மாதிரி."

அப்படித்தான் ஆரம்பமானது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பத்துப் பாட்டு. அந்த மாதத்தில்தான் முதன்முதலாக என் காதில் விழுந்திருக்க வேண்டும், பழைய பிரியங்களுக்கு இடமில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே எங்கே கேட்டேன் என்று ஒரு வரி. எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது, ராகம் தாளம் எதுவும் தெரியாது. நான் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் வரைபடங்களைப் பாதுகாக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு காகிதம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் லிஸ்ட் போட ஆரம்பித்த பிறகு காது மாறிவிட்டது. தையல்கடை ரேடியோ, தெருமுனை மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்க்கும் குரல்கள், ஹப்சிகுடாவில் பஸ் மாறும் இடத்தில் ஐஸ்கிரீம் கடைக்காரர் சத்தமாக வைக்கும் கவ்வாலி, எதையும் சும்மா கடந்து போக முடியவில்லை. இருபத்தைந்தாம் தேதிக்குள் ஏழு கூடச் சேரவில்லை என்றால் வேண்டுமென்றே இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன்னால் இறங்கி நடப்பேன்.

மகளுடைய தோழி ஒருத்தி தனக்கும் வேண்டும் என்றாள். அப்புறம் திருமுல்கேரியில் இருக்கும் என் தம்பி, தம்பி மனைவி. அலுவலகத்தில் என்னோடு மதியம் சாப்பிடும், ஹப்சிகுடாவில் குடியிருக்கும் தெலுங்குக்காரத் தோழி. இப்படிப் பதினாலு பேர் சேர்ந்ததும் மகள் போனில் ஒரு குழுவாக அமைத்துக் கொடுத்தாள். என் வீட்டுக்காரரையும் சேர்த்துவிட்டாள். அவர் செய்தி தவிர வேறு எதையும் காது கொடுத்துக் கேட்காதவர்.

"இவ்ளோ பாட்ட சேத்து வச்சி இன்னா பண்ணப் போற?" என்று ஒருமுறை கேட்டார்.

"சேத்து வைக்கலயே. குடுத்துடறேனே" என்றேன். அந்தப் பதிலில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு ஐந்து மாடிக் குடியிருப்பு கட்ட ஆரம்பித்தார்கள். ஆறு மாதம் தூசி, சத்தம். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை முதல் மாடிக்குக் கான்கிரீட் போட்டார்கள். கீழே கலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. சாய்த்துக் கட்டிய பலகைப் பாதையில் பதினைந்து பெண்கள் வரிசையாக நின்று, நிறைந்த சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். காலிச் சட்டி இன்னொரு பக்கமாக இறங்கி வந்தது. நான் சமையலறைப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

வரிசையின் நடுவில் நின்ற ஒருத்தி பாடினாள். கனமான, கொஞ்சம் கரகரத்த குரல். ஒரு வரியை அவள் பாடுவாள், கடைசிச் சொல்லை மட்டும் மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். சட்டி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிற நொடியில் அந்தச் சொல் சரியாக வந்து விழும். அது தெலுங்கு இல்லை, இந்தியும் இல்லை. லம்பாடிப் பாஷை என்று ஊகித்தேன். வேகமாக, துள்ளலாக இருந்தது. ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனை எடுத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பதிவானது.

வீட்டுக்காரர் காபி டம்ளரோடு வந்து நின்றார். "அர்த்தம் ஒண்ணும் புரியல. ஆனா எவ்ளோ ஜாலியா இருக்கு பாருங்க" என்றேன். அவரும் எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் கீது" என்றார். அப்போது பாடிய பெண் ஒரு தடவை நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வெயில் கண்ணில் படுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் முதல் தேதி லிஸ்டில் அது நான்காவது. கீழே இப்படி எழுதினேன்: "பக்கத்துக் கட்டடத்தில், கான்கிரீட் போடும் காலையில். பாடியது யார் என்று தெரியாது." பத்து வரிகளில் அந்த வரிதான் நன்றாக வந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. அவள் யார் என்று தெரிந்துகொள்ள இருபது படி இறங்கிப் போனால் போதும் என்பது தோன்றவில்லை.

மற்ற ஒன்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லாரும் நான்காவதைப் பற்றித்தான் பேசினார்கள். தம்பி ஒரே நாளில் நாலு தடவை கேட்டதாக எழுதினான். மகள் தானாகவே போன் செய்து, "மா, சூப்பர். எங்கே புடிச்ச இத?" என்று முழுசாகத் தமிழில் கேட்டாள். மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது அலுவலகத் தோழி கேட்டாள். அவள் என்னிடம் எப்போதும் தெலுங்கில்தான் பேசுவாள். அவர்கள் காலனியில் பெண்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார்களாம், நடனத்துக்குப் பாட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம், அந்தப் பாட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"இதுக்கெல்லாமா கேப்பாங்க? தாராளமா எடுத்துக்கோ" என்றேன்.

அவளாவது என்னைக் கேட்டாள்.

நிகழ்ச்சி நடந்தது. யாரோ அந்தப் பதிவோடு மேளச் சத்தம் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள், பளபளக்கும் புடவைகள், இடுப்பில் சின்னச் சின்னப் பானைகள். அந்தக் கடைசிச் சொல் வரும்போதெல்லாம் நெற்றிக்கு மேலே கையை வைத்து, தூரத்தில் யாரையோ தேடுகிற மாதிரி அபிநயம் பிடித்து, திரும்பி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். வீடியோ நன்றாக வந்திருந்தது. பத்து நாளில் அது என் தம்பி மனைவிக்கே வேறு எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. "அக்கா, நீங்க போட்ட பாட்டுதானே இது?" என்று கேட்டு எனக்கு அனுப்பினாள். அன்று முழுக்க நான் மிதந்துகொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அந்தப் பாட்டைப் பாடிய பெண் நிற்கிறாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். முழங்கை வரைக்கும் சிமெண்ட் காய்ந்து வெளுத்திருந்தது. கையில் கண்ணாடி உடைந்த போன்.

தண்ணீர் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, தெலுங்கில், "என்னம்மா வேணும்?" என்றேன்.

"தமிழ்லயே பேசு மா" என்றாள். "எனக்குத் தெரியும். மெட்ராஸ்ல நாலு வருசம் சட்டி தூக்கிக்கிறேன்."

அவள் போனை என் முன்னால் நீட்டினாள். அதே நடனம் ஓடிக்கொண்டிருந்தது.

"இது என் கொரலு."

"ஆமா."

"நீதான புடிச்ச? அன்னிக்கி மேல நின்னுக்கினு புடிச்ச. நான் பாத்தேன்."

"ஆமா. நான்தான்."

"அர்த்தம் புரியலன்னு சொன்ன. ஜாலியா கீதுன்னு சொன்ன. எல்லாம் காதுல வியுந்துச்சு." அவள் குரலை உயர்த்தவில்லை. "என் தங்கச்சி செத்துப் போச்சு மா. அதுக்குக் கட்டுன பாட்டு இது."

உள்ளே வரச் சொன்னேன். வந்தாள், உட்காரவில்லை. கதவை ஒட்டியே நின்று சொன்னாள். தங்கை பிரசவத்தில் இறந்தபோது இவள் மெட்ராஸில் வேலையில் இருந்திருக்கிறாள். சேதி கிடைத்து, ரயில் பிடித்து, மகபூப்நகர் வந்து, அங்கிருந்து பஸ் மாறித் தாண்டாவுக்கு, அவர்களுடைய லம்பாடிக் குடியிருப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பஸ் நிற்கும் இடத்தில் தங்கை எப்போதும் வந்து காத்திருப்பாளாம். பாட்டு அங்கேதான் தொடங்குகிறது. பஸ் நிற்கும் இடத்தில் பார்த்தேன், காணோம். புளியமரத்தடியில் பார்த்தேன், காணோம். வாசலில் பார்த்தேன், காணோம். மற்ற பெண்கள் திருப்பிச் சொன்ன சொல் அதுதான். காணோம்.

அந்தச் சொல்லுக்குத்தான் அவர்கள் நெற்றியில் கை வைத்துச் சிரித்திருக்கிறார்கள்.

"ஆனா... அவ்ளோ வேகமா..." என்று நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"சட்டி வேகமாப் போவுது. பாட்டும் வேகமாத்தான் போவும். வேகமாப் பாடுனா சந்தோசமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஊர்ல தங்கச்சி புருசன் இதப் பாத்துட்டான். 'என் பொண்டாட்டி சாவு உனக்கு டான்ஸ் பாட்டா'ன்னு போன்ல கத்துறான். நான் இன்னா சொல்றது? அந்தப் பொம்பளைங்கள எனக்குத் தெரியாது. ஒன்னயும் தெரியாது."

"தப்பு என்னோடதும்மா. ஒன்னக் கேக்காம எடுத்தேன். கேக்காம இன்னொருத்தருக்கும் குடுத்தேன். அவங்க மேல தப்பு இல்ல."

"அழிச்சிடு."

அவள் பார்க்கும்படியே என் போனிலிருந்து அழித்தேன். அவள் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துலயும் அழிச்சிடு" என்றாள்.

என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. என்னால் முடிந்த வரைக்கும் அழிக்கிறேன் என்றேன். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் அவளுக்குப் புரிந்தது. படியிறங்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்காரர் உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நான்கூட நல்லாத்தான் கீதுன்னு சொன்னேன்ல" என்றார். அன்று மத்தியானச் செய்தியைப் போடவில்லை.

நடந்ததைக் குழுவில் எழுதி, எல்லாரையும் அழிக்கச் சொன்னேன். மறுநாள் அலுவலகத்தில் தோழியிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த கவளத்தை டப்பாவிலேயே வைத்துவிட்டாள். "அய்யோ, மேமு நவ்வுதூ ஆடாம் மேடம்" என்றாள். சிரித்துக்கொண்டே ஆடினோமே என்று அதையே மூன்று நான்கு தடவை சொன்னாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து, காலனிப் பெண்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தாள். வீடியோவை முதலில் போட்டவர் அன்று மாலையே எடுத்துவிட்டார். ஆனால் அது ஏற்கெனவே எத்தனையோ கைக்குப் போயிருந்தது. யார் யாரிடம் போய்க் கேட்பது? ஒரு மாதம் கழித்துக்கூட பஸ்ஸில் யாரோ ஒருத்தர் போனில் அந்தக் குரலைக் கேட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டேன்.

தோழி சும்மா இருக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை ஹப்சிகுடாவிலிருந்து கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்து, "என்னோடு கீழே வா" என்றாள். பாடிய பெண் செங்கல் அடுக்கின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தோழி நேரே அவள் எதிரில் மணலில் உட்கார்ந்துவிட்டாள், நல்ல புடவையோடு. இரண்டு பேரும் தெலுங்கில் பேசினார்கள். தெரியாமல் செய்துவிட்டோம் என்று தோழி சொன்னாள். அவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். கடைசியில் கையைக் கழுவிவிட்டு, "அந்தப் பச்சைப் புடவை நல்லா ஆடுச்சு" என்றாள்.

"அது நான்தான்" என்றாள் தோழி.

அவள் தோழியை ஏற இறங்கப் பார்த்தாள். "இருக்கும்" என்றாள். பிறகு இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் வரவில்லை. அவர்கள் ஆட மட்டுமே செய்தார்கள், எடுத்துக் கொடுத்தது நான்.

ஏப்ரலில் லிஸ்ட் அனுப்பவில்லை. மே மாதமும் அனுப்பவில்லை. காதில் விழுந்தன, நான்தான் நிற்கவில்லை. மே மாதம் பத்தாம் தேதி வாக்கில் மகள் கேட்டாள், "மா, லிஸ்ட் எங்கே? அந்த மேட்டர் முடிஞ்சிடுச்சே."

முடியவில்லை என்றேன். குழுவில் எழுதியது பாதிதான். பாடிய பெண் வந்து நின்றது, தமிழில் பேசியது, பாட்டின் அர்த்தம், பஸ் நிற்கும் இடம், எல்லாவற்றையும் அப்போதுதான் மகளுக்கு முழுசாகச் சொன்னேன். 

"நான் அத டெய்லி கேட்டுட்டே ஆபீஸ் போனேன் மா" என்றாள். "ட்ராஃபிக்ல கை தட்டிட்டே."

"ஒனக்குத் தெரியாதுல்ல."

"உஸ்கி பெஹன்... அந்த தங்கச்சிக்கு எவ்ளோ வயசு?"

"தெரியல."

"பூச்சா நை?" கேட்கவே இல்லையா என்கிறாள்.

அப்போதுதான் உறைத்தது. நான் அந்தப் பெண்ணிடம் நாலைந்து தடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இறந்து போனவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது கீழே போய்க் கேட்டேன். "ஒன் தங்கச்சிக்கு அப்ப வயசு என்ன?"

அவள் கையிலிருந்த மண்வெட்டியைச் சாய்த்து வைத்தாள். "இருவத்தி ரெண்டு" என்றாள். பிறகு நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். தங்கைக்கு இவளைவிட நல்ல குரலாம். பயந்த சுபாவமாம், எருமையைப் பார்த்தால்கூட ஓடுவாளாம். பிறந்த குழந்தை பிழைத்துவிட்டது. பெண். இப்போது பதினைந்து வயது, அரசாங்க விடுதியில் தங்கிப் பத்தாவது படிக்கிறாள். அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டார். பெரியம்மாதான் அவளுக்கு எல்லாம்.

"அந்தப் பொண்ணுகூட டான்ஸ பாத்துட்டா" என்றாள். "எனக்குப் போன் பண்ணி, 'இது எங்க அம்மா பாட்டா'ன்னு கேட்டா. நான் அவகிட்ட இதப் பாடுனதே இல்ல அக்கா. அவ பொறந்த அன்னிக்கித்தான அது? எப்பிடிப் பாடுறது? இப்ப முழுசாப் பாடி அனுப்புன்னு கேக்குறா."

முதல்முறையாக என்னை அக்கா என்றாள்.

அந்தப் பாட்டு மொத்தம் எட்டு நிமிடமாவது வரும், வேலைத்தளத்தில் நிம்மதியாகப் பாட முடியாது, கலவை இயந்திரச் சத்தம் என்றாள். உனக்கு இஷ்டமானால் எங்கள் வீட்டில் வைத்துப் பாடலாம், உன் போனிலேயே பதிவு செய்யலாம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். ஜூன் நடுவில் நல்ல மழை பிடித்து வேலை நின்ற ஒரு நாள் வந்தாள். தலை வாரி, கழுவிய புடவை கட்டியிருந்தாள். எனக்கு அன்று விடுமுறை.

கூடத்தில் மின்விசிறியை நிறுத்தினேன். வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே டிவியை அணைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் போனைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தோம். அவள் தரையில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். இரண்டு வரி வந்தது, நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி நின்றது.

"ஒக்காந்துக்கினு வரல அக்கா. கையில சட்டி இல்ல."

நான் சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். இட்லி மாவு கரைக்கிற எவர்சில்வர் குண்டான்தான் இருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன். அவள் எழுந்து நின்று அதை வாங்கி, எடை பார்க்கிற மாதிரி ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். எதிரில் என்னை நிற்க வைத்தாள். "நான் குடுக்கும்போது வாங்கு. வாங்கின ஒடனே திருப்பிக் குடு. நிறுத்தாத."

அவள் பாடினாள். குண்டான் என் கைக்கு வந்தது, நான் திருப்பிக் கொடுத்தேன், வந்தது, கொடுத்தேன். முதலில் நான் தாமதமாக வாங்கினேன், அவள் கண்ணாலேயே அதட்டினாள். பிறகு கை பழகிவிட்டது. மூன்றாவது வரியின் முடிவில் அவள் நிறுத்தி என்னைப் பார்த்தாள். மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் இடம் அது. அந்தச் சொல்லை நான் சொன்னேன். தலையை அசைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

நான் அதுவரை கேட்டது பாட்டின் தொடக்கம் மட்டும்தான். பஸ் நிறுத்தம், புளியமரம், வாசல் எல்லாம் தாண்டி அது வீட்டுக்குள் போனது. எனக்குச் சொற்கள் புரியவில்லை. ஆனால் ஒவ்வொரு இடமாக அவள் போய்ப் பார்க்கிறாள் என்பது தெரிந்தது. ஒவ்வோர் இடத்திலும் நான் காணோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. காலிப் பாத்திரம்தான், இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் தோள் வலித்தது. அவள் வேகத்தைக் குறைக்கவே இல்லை. கடைசியில் ஓர் இடத்தில் அந்தச் சொல் வரவில்லை, வேறு ஏதோ சொல் வந்தது. அத்தோடு பாட்டு முடிந்தது. அவள் குண்டானைத் தன் வயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கடைசில இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"தொட்டில்ல பாத்தேன், இருக்குன்னு."

இருவரும் காபி குடித்தோம். அவள் அழவில்லை. நான்தான் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பதிவை விடுதிக் காப்பாளர் அம்மாவின் போனுக்கு அவளே அனுப்பினாள். என்னுடைய போனில் ஒரு நகல் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

நாலு நாள் கழித்து, நான் அலுவலகத்திலிருந்து திரும்பும் நேரம், அவள் கேட்டருகே காத்திருந்தாள். பெண்ணிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. "என்னா சொல்றா?" என்றேன். அவள் போனைக் காதில் வைத்தபடி சிரித்தாள். "கூடப் பாடுறது யாருன்னு கேக்குறா. உச்சரிப்பே சரியில்லயாம்."

ஜூலை முதல் தேதி மறுபடி லிஸ்ட் அனுப்பினேன். நேரில் கேட்ட பாட்டாக இருந்தால் பாடியவரிடம் கேட்காமல் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கேட்டால் எல்லாரும் கொடுப்பதில்லை. ஐஸ்கிரீம் கடைக்குப் பக்கத்தில் பாய் விற்கிற பெரியவர், வியாபாரம் இல்லாத நேரத்தில் மெதுவாக ஏதோ பாடிக்கொண்டிருப்பார். போனைக் காட்டிக் கேட்டேன். "நக்கோ அம்மா" என்றார், சிரித்துக்கொண்டே. சரி என்று அரை மணி நேரம் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வந்தேன். அந்த மாதம் ஆறு பாட்டுதான் தேறியது. யாரும் குறை சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டடம் முடிந்து ஆட்கள் குடி வந்துவிட்டார்கள். அவள் இப்போது திருமுல்கேரிப் பக்கம் ஒரு வேலைத்தளத்தில் இருக்கிறாள். தங்கை மகள் பத்தாவது தேறி, இங்கே பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்து, சேர்வதற்காக வந்தபோது இரண்டு நாள் எங்கள் வீட்டில்தான் தங்கினாள். ஒல்லியான பெண், அதிகம் பேசவில்லை. சேர்க்கைக்குப் பணம் கட்ட என் வீட்டுக்காரர் பஸ்ஸில் அழைத்துப் போனார். திரும்பி வந்ததும், "கெட்டிக்காரப் பொண்ணு. கவுண்டர்ல இருக்கறவன்கிட்ட நான் பேசறதுக்கு முன்னாடி அதுவே பேசி முடிச்சிடுச்சு" என்றார். அவள் சமையலறை வாசலில் வந்து நின்று, புது விடுதிக்குத் தனக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்த தாளை என்னிடம் நீட்டினாள். வாளி, பூட்டு, குடை, ஒரு கனமான போர்வை. மழை விடட்டும் என்று காத்திருந்து, நான்கு மணிக்கு மூவரும் கடைக்குக் கிளம்பினோம்.